புஷ்ரா பெல்ஹாஜ் ஹமீதாவும் மகள்களின் பங்கும்

அரபு நாட்டுப் பெண்களின் உரிமைப் போராட்டம் என்றதும் நம் பத்திரிகைகள் முகத்திரையைப் பற்றி எழுதும், சவூதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்ததைப் பற்றி எழுதும், அத்தோடு நிறுத்திக்கொள்ளும். சொத்தில் மகளுக்குச் சமபங்கு வேண்டும் என்று தன் நாட்டின் நாடாளுமன்றத்துக்குள்ளிருந்தே கேட்டு, அதற்காகக் கொலை மிரட்டல்களைச் சந்தித்து, இன்று தாய்நாட்டுக்கு வெளியே வாழும் துனிசிய வழக்கறிஞர் புஷ்ரா பெல்ஹாஜ் ஹமீதாவைப் பற்றித் தமிழில் விரிவாக எதையும் நான் படித்ததில்லை. பாரிமுனையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், தன் பங்கை மற்றொருவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகியவற்றை எழுதுவதே என் அன்றாட வேலை. மகளின் பங்கு எந்த இடத்தில், யார் முன்னிலையில், எந்தச் சொற்களைச் சொல்லிக் கைமாறுகிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறவள் என்பதால், இந்தப் பெண்மணியின் வாழ்க்கை எனக்கு ஓர் அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

புஷ்ரா 1955-இல் துனிசியாவின் ஜக்வான் நகரில் பிறந்தவர். ரோமானியர் காலத்தில் கார்த்தேஜ் நகரத்துக்குக் கல் கால்வாய் வழியே தண்ணீர் போனது அந்த ஊரின் மலையடிவார ஊற்றிலிருந்துதான்; சென்னைக்குப் புழல் எப்படியோ, கார்த்தேஜுக்கு ஜக்வான் அப்படி. அவர் பிறந்த மறுஆண்டு, 1956 மார்ச்சில் துனிசியா பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று ஹபீப் புர்கிபாவின் அரசு குடும்பச் சட்டத் தொகுப்பு ஒன்றைப் பிறப்பித்தது. பலதார மணம் தடை செய்யப்பட்டது. கணவன் வாய்மொழியாகச் சொல்லி மணவிலக்குச் செய்யும் முறை ஒழிந்து, நீதிமன்றத்தின் வழியே மட்டும் மணவிலக்கு என்றானது. திருமணத்துக்கு இருவரின் சம்மதமும் கட்டாயமானது. புஷ்ராவின் தலைமுறைப் பெண்கள் அந்தச் சட்டத்தின் நிழலில் படித்து, வேலைக்குப் போய், வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆனவர்கள்.

ஆனால் அந்தத் தொகுப்பின் வாரிசுரிமை அத்தியாயம் மட்டும் பழையபடியே நின்றது. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அவ்வளவு துணிச்சலாகச் சட்டம் போட்ட புர்கிபாவும் இதை மாற்ற முன்வரவில்லை. அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன்பே, ஸைத்தூனா பள்ளிவாசலின் கல்விக்கூடத்தில் மார்க்கக் கல்வி பெற்றவரும் தொழிற்சங்கவாதியுமான தாஹிர் ஹத்தாத் 1930-இல் ஒரு நூல் எழுதி, பெண்ணுக்குக் குறைந்த பங்கு என்பது அன்றைய சமூக நிலையை ஒட்டி வந்த ஏற்பாடு, நிலை மாறும்போது அதுவும் மாறலாம் என்று மார்க்கத்துக்கு உள்ளிருந்தே வாதாடியிருந்தார். அவரைச் சமூகம் ஒதுக்கி வைத்தது; 1935-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது 1929-இல். ஏறத்தாழ ஒரே காலத்தில் செங்கல்பட்டிலும் துனிசியத் தலைநகர் துனிஸிலும் ஒரே கேள்வி எழுந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

புஷ்ரா வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, 1989-இல் துனிசிய ஜனநாயகப் பெண்கள் சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். 1995 முதல் 2001 வரை அதன் தலைவராகவும் இருந்தார். அது புர்கிபாவுக்குப் பின் அதிபரான பென் அலியின் ஆட்சிக்காலம். பெண்ணுரிமையை வெளிநாட்டாருக்குக் காட்டும் முகப்பாக வைத்துக்கொண்டு, உள்ளே சங்கங்களையும் பத்திரிகைகளையும் நெரித்த ஆட்சி அது. அந்த நெருக்கடிக்குள்தான் சங்கம் வன்முறைக்கு உள்ளான பெண்களின் குறைகளைக் கேட்டு உதவும் மையம் ஒன்றை 1993 முதல் துனிஸில் நடத்தியது. வாரிசுரிமையில் சமத்துவம் கேட்டு 1990-களின் இறுதியில் கையெழுத்து இயக்கமும் தொடங்கியது. அடிபட்டு வந்த பெண்ணிடம் கதை கேட்கும்போது, அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இல்லை, விற்றுப் பிழைக்க ஒரு துண்டு நிலம் இல்லை என்ற உண்மை திரும்பத் திரும்ப வெளிப்படும். அடியும் சொத்தும் தனித்தனிச் செய்திகள் அல்ல என்பதை இந்த வேலையில் இருக்கும் எவரும் அறிவர். புஷ்ராவின் பிற்காலப் பணிகள் முழுவதும் இந்த ஒரே இழையில் கோத்தவை என்றே நான் கருதுகிறேன்.

பென் அலியை வீழ்த்திய 2011 புரட்சிக்குப் பின் ஒரு வழக்கு அவர் பெயரை நாடு முழுவதும் கொண்டுசென்றது. 2012 செப்டம்பரில் துனிஸில், தன் வருங்காலக் கணவருடன் காரில் இருந்த ஓர் இளம்பெண்ணைக் காவலர்கள் வன்புணர்ந்தனர். அந்தப் பெண் புகார் கொடுத்தபோது, பொது இடத்தில் ஒழுங்கீனமாக இருந்ததாக அவர் மீதே குற்றச்சாட்டு திரும்பியது. அந்தப் பெண்ணுக்காக வாதாடிய வழக்கறிஞர்களுள் புஷ்ராவும் ஒருவர். மக்கள் தெருவில் இறங்கினர். அந்தப் பெண் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 2014 மார்ச்சில் குற்றவாளிகளான காவலர் இருவருக்கு 7 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 15 ஆண்டாக உயர்ந்தது. புகார் கொடுக்கப் போகும் பெண்ணிடம் "அந்த நேரத்தில் நீ அங்கே ஏன் போனாய்" என்று முதலில் கேட்கும் வழக்கம் துனிஸுக்கு மட்டும் உரியதன்று என்பதால், இந்தத் தண்டனை உயர்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அதே 2014-இன் இறுதியில் நடந்த தேர்தலில் நிதா தூனிஸ் கட்சியின் சார்பில் அவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 217 இடங்கள் கொண்ட அந்த அவையில் 68 பெண்கள் இருந்தனர். கட்சிப் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இடம்பெற வேண்டும் என்ற 2011-ஆம் ஆண்டு விதியின் பலன் அது. பிறகு கட்சி பிளவுபட்டபோது அவர் வெளியேறினார். கட்சி அரசியலைப் பற்றி அதற்கு மேல் சொல்ல இங்கே தேவையில்லை. 2017 ஜூலை 26 அன்று பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் 58-ஆம் எண் சட்டம், அவையில் இருந்த 146 உறுப்பினர்களின் ஒருமித்த ஆதரவோடு நிறைவேறியது. சிறுமியைக் கெடுத்தவன் அவளையே மணந்துகொண்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்றிருந்த குற்றவியல் பிரிவு அதில் நீக்கப்பட்டது. இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தாவின் உறுப்பினர்களும் அதற்கு வாக்களித்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வன்முறை என்றபோது ஒன்றுபட்ட அவை, சொத்து என்றதும் பிளந்தது.

2017 ஆகஸ்ட் 13 அன்று, அதாவது துனிசியாவில் பெண்கள் நாளாகக் கொண்டாடப்படும் அந்தக் குடும்பச் சட்ட ஆண்டு நாளில், அதிபர் பாஜி காயித் அஸ்ஸிப்ஸி தனிமனித உரிமைகளுக்கும் சமத்துவத்துக்குமான ஒன்பது பேர் குழுவை அமைத்து, புஷ்ராவைத் தலைவராக்கினார். இஸ்லாமியச் சிந்தனை ஆய்வாளர் அப்துல்மஜீத் ஷர்ஃபி, சட்டப் பேராசிரியர் சலீம் லக்மானி போன்றோர் அதில் இருந்தனர். 2018 ஜூனில் வெளியான அறிக்கை, கணவனே குடும்பத் தலைவன் என்ற சட்ட வாசகத்தை நீக்குவது, மரண தண்டனையைக் கைவிடுவது, தன்பாலினத்தாரைச் சிறையிலடைக்கும் பிரிவை ஒழிப்பது எனப் பலவற்றைப் பரிந்துரைத்தது. ஆனால் தெருவில் நெருப்பு மூட்டியது வாரிசுரிமைப் பகுதிதான். 2018 ஆகஸ்ட் 11 அன்று ஆயிரக்கணக்கானோர் பார்தோவில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டு அறிக்கையை எதிர்த்தனர். அறிக்கையில் இல்லாதவையெல்லாம் இருப்பதாகப் பேசப்பட்டன. புஷ்ராவை மார்க்கத்துக்கு எதிரி என்று வசைபாடினர். கொலை மிரட்டல்கள் வந்தன. இரண்டு நாள் கழித்து, 13-ஆம் தேதி, ஆதரவாளர்களும் திரண்டனர். அன்றே அதிபர் சமபங்குக்குச் சட்டம் கொண்டுவரப்போவதாக அறிவித்தார்.

அந்த மசோதாவின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பத்திரம் எழுதுகிறவளாகிய எனக்கு அதன் மொத்தச் சிறப்பும் அங்கேதான் தெரிகிறது. குழு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை முன்வைத்திருந்தது. 2018 நவம்பரில் அமைச்சரவை ஏற்ற வடிவம் இதுதான்: ஒருவர் எதுவும் எழுதி வைக்காமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மார்க்க முறைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பிரிய வேண்டும் என்று அவர் விரும்பினால், தாம் உயிரோடிருக்கும்போதே முறைப்படி அதைப் பதிந்து வைக்க வேண்டும். நம்பிக்கையுள்ளவரின் வழி அடைக்கப்படவில்லை. ஆனால் மகளுக்குக் குறைத்துக் கொடுக்க விரும்பும் தந்தை அதைத் தம் கைப்பட, தம் பெயரில், தம் பொறுப்பில் செய்ய வேண்டும். தந்தை போன பிறகு அந்தச் சுமை மகளின் தலையில் விழாது.

நம் ஊரில் இது நேர்மாறாக நடக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததும் 1956-இல்தான், துனிசியச் சட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பு. தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு என்று அது சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகளுக்கு உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-இல் வந்தது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வராத வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றிருந்த பிரிவு 2005-இல் நீங்கியது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் உள்ள கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டமே மகனையும் மகளையும் ஒன்றாக வைக்கிறது. சட்டப் புத்தகத்தில் இனிச் சேர்க்க வேண்டியது மிகக் குறைவு. இருந்தும் தகப்பனார் காலமாகி, வாரிசுச் சான்றிதழ் வாங்கிய கையோடு, அக்கா தங்கைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் வருகிறார்கள். எழுத வேண்டியது விடுதலைப் பத்திரம். "பொண்ணுங்களுக்கு அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டோம்மா" என்பார்கள். பத்திரத்தில் "எனக்குள்ள பாத்தியத்தை இதன் மூலம் விடுதலை செய்து கொடுக்கிறேன்" என்ற வரி வரும். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பும் உண்டு என்பதால் செலவும் பெரிதில்லை.

காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். இறால் உரிக்கும் வேலை. சார்பதிவாளர் முன் கைரேகை எடுக்கும் கருவியில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை. ஐஸிலும் ஓட்டிலும் தேய்ந்து விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக மாற்றி, கடைசியில் ஒரு விரலில் ரேகை பதிந்தது. அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், நல்ல மனிதர்தான், தங்கையிடம் அன்பும் உள்ளவர். வீட்டின் மதிப்பில் தன் பங்கு எவ்வளவு தேறும் என்பதை அந்தப் பெண்ணிடம் அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. அன்று அவர் கொடுத்தது அவர் பல ஆண்டுகள் இறால் உரித்தாலும் சேர்க்க முடியாத தொகை. "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அண்ணன் வீடுதானே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். அந்த அச்சம் உண்மையானது. அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடுமோ என்று அஞ்சுகிற பெண்ணிடம் போய் நீதிமன்றத்தில் பாகம் கேள் என்று சொல்வது எளிதல்ல.

எங்கள் அலுவலகத்தில் இப்போது விடுதலைப் பத்திரத்துக்கு வருகிற பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேசுகிறோம். சொத்தின் வழிகாட்டி மதிப்பு என்ன, சந்தை நிலவரம் என்ன, அவருடைய பங்கு என்ன, பதிலுக்குப் பணம் பெற்றுக்கொள்ளவும் வழி உண்டு என்பதையெல்லாம் விளக்குகிறோம். சிலர் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போகிறார்கள். உடன் வந்த ஆண்களுக்கு இது பிடிப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் இது ஓர் அலுவலகத்தின் வழக்கம் மட்டுமே. கையெழுத்துச் சுமை யார் மேல் விழ வேண்டும் என்பதைச் சட்டமே தீர்மானிக்க முயன்றதில்தான் துனிஸின் மசோதா நமக்கும் ஒரு படி முன்னால் நிற்கிறது.

மண்ணடியிலிருந்து வரும் முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. ஆண் பிள்ளை இல்லாத வீடுகளில்தான் சிக்கல் அதிகம். சுன்னி முறையில் ஒரே மகள் என்றால் சொத்தில் பாதி. இருவரோ அதற்கு மேலோ இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. மனைவி முதலியோருக்கு உரியது போக எஞ்சுவது இறந்தவரின் உடன்பிறந்தாருக்குப் போகும். ஆகவே பெண் பிள்ளைகள் மட்டுமே உள்ள தந்தையர், தாம் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது முஸ்லிம் சட்டப்படியான தானமாக, எழுதி வைத்துவிட வேண்டும் என்று வருகிறார்கள். தாடி நரைத்த, ஐவேளைத் தொழுகை தவறாத பெரியவர்கள் மகள்களுக்காக இப்படி வந்து உட்காரும்போது, மகளுக்கு நியாயம் செய்யும் விருப்பத்துக்கும் மார்க்கப் பற்றுக்கும் பகை இல்லை என்பதை நேரில் காண்கிறேன். கேரளத்தில் காசர்கோட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் ஷுக்கூர், தம் மூன்று மகள்களுக்கே சொத்து முழுவதும் சேர வேண்டும் என்பதற்காக, 2023 மார்ச் 8 அன்று சொந்த மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடி பதிவுத் திருமணம் செய்துகொண்டது பலருக்கு நினைவிருக்கும். துனிசியா இந்த ஒரு முடிச்சை 1959-லேயே அவிழ்த்துவிட்டது. ஆண் பிள்ளை இல்லையென்றால் எஞ்சிய பங்கும் மகள்களுக்கே திரும்பும், சித்தப்பா பெரியப்பாக்களுக்குப் போகாது என்று அன்றே சட்டம் திருத்தப்பட்டது. புஷ்ரா கேட்டது, அந்த வழியில் அடுத்த அடி.

அவருடைய முறையில் ஒரு பலவீனமும் இருந்தது. துனிசியாவில் பெண்களுக்கான சீர்திருத்தம் பெரும்பாலும் அதிபர் மாளிகையிலிருந்து இறங்கி வந்தது. புர்கிபா தந்தார், பென் அலி அதைக் காட்டிப் பெயர் வாங்கினார், அஸ்ஸிப்ஸி அறிவித்தார். அறிவித்தவர் போனால் அறிவிப்பும் போகும். 2019 ஜூலை 25 அன்று அஸ்ஸிப்ஸி காலமானபோது மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலேயே கிடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அதிபரான கைஸ் ஸயீத், திருக்குர்ஆனின் வாசகம் தெளிவாக உள்ளது, விவாதத்துக்கு இடமில்லை என்று 2020-ஆம் ஆண்டுப் பெண்கள் நாளிலேயே கதவைச் சாத்தினார். எனினும் இந்தக் குறையை புஷ்ராவின் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவர் மாளிகைக்குள் போவதற்கு முன் பல ஆண்டுகள் சங்கத்தில், நீதிமன்றத்தில், அடிபட்ட பெண்களின் நடுவில் இருந்தவர். கதவு திறந்த சிறிது காலத்துக்குள் எவ்வளவு எழுதி வைக்க முடியுமோ அவ்வளவையும் எழுதி வைத்தார்.

பிறகு நடந்தவை வேதனையானவை. 2021 ஜூலை 25 அன்று ஸயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார், மறுஆண்டு கலைத்தார். 2022-இன் தேர்தல் சட்டம் பட்டியல் முறையையும், அதனுடன் ஆண் பெண் சமநிலை விதியையும் நீக்கியதால், அடுத்த அவையில் பெண்களின் எண்ணிக்கை 2014-இல் இருந்ததில் பாதிக்கும் கீழாக விழுந்தது. 2025 ஏப்ரலில், அரசுக்கு எதிராகச் சதி செய்ததாக ஏறத்தாழ நாற்பது பேர் மீது நடந்த வழக்கில், பிரான்சில் வசிக்கும் புஷ்ராவுக்கு, அவர் இல்லாத நிலையிலேயே, 30 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வழக்கின் நடைமுறை நியாயமற்றது என்று மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருக்கும்.

அவருடைய குழு எழுதிய அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் வாரிசுரிமைப் பகுதியில், ஆண் மட்டுமே குடும்பத்தைக் காப்பவன் என்ற நிலை எப்படி மாறியது, மார்க்கத்தின் நோக்கங்களுக்குள் நின்றே சமபங்கை எப்படி வாதிடலாம் என்பவை விரிவாகப் பேசப்படுகின்றன. அரபு மொழி அறிந்த நம் ஊர் மாணவ மாணவியர் யாரேனும் அந்தப் பகுதியை மட்டுமாவது தமிழில் பெயர்த்துத் தந்தால், படித்துச் சரிபார்க்கவும் சட்டச் சொற்களை ஒழுங்கு செய்யவும் நான் உடன் இருக்கிறேன். ஹிபா எழுத வரும் தந்தையரிடமும், விடுதலைப் பத்திரத்துக்கு வரும் அண்ணன் தம்பிகளிடமும், காத்திருக்கும் நேரத்தில் படிக்கக் கொடுப்பேன்.